தளர்த்தாமல் விட்ட தறி

காலைத் தோட்ட வேலை முடித்து, கால் கழுவி, ஈரப் பாதங்களோடு உள்ளே வந்தார் செல்லப்பாண்டி. என் தங்கை ஈஸ்வரியின் கணவர். நேராகச் சன்னலோர மேசைக்குப் போனார். அங்கே ஒரு சின்னத் தறி இருந்தது. அதில் பாதி நெய்த துணி. மீதிப் பாதி இன்னும் துணியாகாத வெள்ளை நூல்கள்.

உள்ளங்கையை விரித்து அந்த நூல்களின் மேல் வைத்து லேசாக அமுக்கினார். ஏதோ யோசித்தார். பிறகு ஓரத்தில் இருந்த பல்சக்கரத்தைப் பிடித்து ஒரு பல் திருப்பினார். டக்.

நான் காபித் தம்ளரோடு உள்ளறை வாசலில் நின்றிருந்தேன்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"தளந்துபோச்சு மதினி. நூலுல்ல, சும்மா சும்மா தளந்துருது. பாத்து ஒரு பல்லு ஏத்தி வைக்கிறது."

"தெனமுமா?"

"தெனமும் பாக்குறது. தளந்திருந்தா ஏத்துறது. அவ விட்டுட்டுப் போனாப்புலயே இருக்கணும்ல."

ஈஸ்வரி போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நான் அவளுக்கு மூத்தவள். தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் இருக்கிறேன். முதல் வருடத் திதி வேலைகளைப் பேச ஓடைப்பட்டிக்கு வந்திருந்தேன்.

காபி ஆறிப்போனது. குடிக்கத் தோன்றவில்லை. அந்தத் தறியைத் தளர்த்திவிடச் சொல்லி அவருக்கு ஒரு சேதி போயிருக்க வேண்டும். ஈஸ்வரி சொன்ன கடைசிச் சேதி அது. என்னிடம்தான் சொன்னாள். நான் அதை அவரிடம் சேர்க்கவில்லை.

பெட்டியில் வந்தது

அந்தத் தறியைப் பெரிய தறிகளோடு சேர்த்து நினைக்கக் கூடாது. குழி இல்லை, மிதி இல்லை. இரண்டு கைக்குள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஒரு முழ அகலம்கூட வராது. ஈஸ்வரி போனில் பார்த்து, போனிலேயே வரவழைத்தாள். பெட்டியைப் பிரித்தபோது செல்லப்பாண்டியின் சித்தி ராக்கம்மா பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"என்னடி இது, கட்டிலுக்குக் குட்டி போட்டாப்புல?"

"தறி, அத்த."

"தறியா? இதுல துணி நெஞ்சு யாருக்குடி கட்டுறது, கோழிக்கா?"

ராக்கம்மா சித்திக்கு எதைப் பார்த்தாலும் ஒரு வாய் பேசியாக வேண்டும். மறுநாளும் வந்து பார்த்தாள். அதற்கு மறுநாளும்.

நெசவு எங்கள் குடும்பத் தொழில் இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. போன்தான். நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு. குறுக்கே போய் வருவது ஊடை. நடுவில் சீப்பு மாதிரி ஒரு பலகை. ஒரு நூல் அதன் துளைக்குள், அடுத்த நூல் அதன் இடைவெளிக்குள் என்று மாறி மாறிப் போகும். பலகையைத் தூக்கினால் பாதி நூல் மேலே வரும், நடுவில் வழி திறக்கும். நூல் சுற்றிய தட்டைக் குச்சியை அந்த வழியில் அனுப்பிவிட்டு, பலகையைத் தன் பக்கம் இழுத்து ஊடையை நெருக்க வேண்டும். பிறகு பலகையை இறக்கினால் மற்ற பாதி. திரும்ப ஒரு வழி. அவ்வளவுதான். மூச்சு விடுவது போல என்பாள்.

முதல் துணிக்கு இடுப்பு சிறுத்துவிட்டது. ஊடையை இழுத்துப் பிடித்து நேர்கோடாகப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு வரியும் ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துவிட்டது. மூன்றாவது துணியில்தான் பிடிபட்டது. ஊடையை வில்லாக வளைத்து, தாராளமாக விட்டு, அப்புறம் நெருக்க வேண்டும்.

"கொஞ்சம் கூடுதலாக் குடுத்தாத்தேன் யக்கா அது ஓரத்த விடுது. பிச்சுப் பிச்சுக் குடுத்தா உள்ள வாங்கிக்கிருது."

நான் கதை எழுதுகிறவள், வார்த்தைகளோடு மல்லுக்கட்டுகிறவள். இந்த மாதிரி ஒரு வாக்கியம் எனக்கு வந்திருந்தால் ஒரு வாரம் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பேன். அவள் சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

ஒற்றைக் கை

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் போகிறேன். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன.

வாரத்துக்கு இரண்டு நாள் தேனிக்கு வர வேண்டும். மெஷின் என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்வோம். "இன்னைக்கு மெஷினு." கம்பம் ரோட்டில் வரும் பேருந்தில் எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்குவாள். நான் ஆட்டோவோடு நிற்பேன். இரண்டு பேரும் போவோம். நாலு மணி நேரம் அவள் ரத்தம் வெளியே போய் உள்ளே வரும். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, நடந்து, திரும்ப உட்கார்வேன். உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாதவள் நான்.

மெஷினுக்காக இடது முழங்கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே விர்ர் என்று ஓடும். அந்தக் கையால் எடை தூக்கக் கூடாது. அழுத்தக் கூடாது. குடத்தை எடுக்கக் கூடாது. வளையல்கூடத் தளர்வாகத்தான்.

ஆகையால் தறியின் பலகையை அவள் வலது கையால் மட்டும் இழுத்தாள்.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் ஊடை நேராக உட்காரும். ஒரு கையால் இழுக்கும்போது வலப்பக்கம் நெருங்கும், இடப்பக்கம் விட்டுப்போகும். அவள் நெய்ததெல்லாம் இடதுபுறம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். மலைச் சரிவு மாதிரி. வெள்ளையில் அது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தக் கடைசித் துணியில் அவள் சிவப்பு நூலால் நடுநடுவே ஒற்றை வரி போட்டாள். ஒவ்வொரு தடவை மெஷினுக்குப் போய் வந்ததும் ஒரு சிவப்பு வரி. அப்புறம் மறுபடி வெள்ளை, அடுத்த மெஷின் வரைக்கும்.

துணியை விரித்துப் பார்த்தால் அவள் உடம்பு எப்படி இருந்தது என்று வாசிக்கலாம். நன்றாக இருந்த வாரம் இரண்டு சிவப்புக்கு நடுவே ஒரு சாண் வெள்ளை. முடியாத வாரம் இரண்டு விரற்கடை. சரிவும் போகப் போகக் கூடியிருந்தது.

மெஷின் அறையில் குளிர் போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிப் போர்வை சொரசொரவென்று இருக்கும். கைக்கும் தோளுக்கும் போட்டுக்கொள்ள ஒரு துணி, அதற்காகத்தான் இதை ஆரம்பித்தாள்.

அறுந்தால் இணைப்பது

நூல் அவளுக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச காலம் நூல் மில்லுக்குப் போனோம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் எந்த நூல் அறுகிறது என்று பார்த்து, ஓடி, பிடித்து, இணைக்க வேண்டும். தலைமுடியெல்லாம் பஞ்சு. தும்மினால் வெள்ளையாக வரும். நான் ஆறு மாதத்தில் நின்றுவிட்டேன். எனக்கு அறுந்ததைப் பார்ப்பதற்குள் இன்னொன்று அறுந்திருக்கும்.

ஈஸ்வரிக்குக் கண்ணே வேண்டாம். சத்தத்தில் கண்டுபிடிப்பாள். இணைத்த இடம் எதுவென்று மேஸ்திரியே தேடுவார். என்னைப் பார்த்து, "இவ கூடப்பெறந்தவதானா நீயி?" என்பார். அவள் பின்னால் நின்று சிரிப்பாள். சத்தத்தில் சிரிப்பும் கேட்காது, பல் மட்டும் தெரியும்.

ஏன் இதைச் சொல்கிறேன். நூலை எவ்வளவு இழுக்கலாம், எப்போது விட வேண்டும் என்பது அவளுக்கு விரலில் தெரியும் என்பதற்காக. நெய்து முடித்து எழும்போதெல்லாம் பல்சக்கரத்தை இரண்டு பல் பின்னால் விட்டுவிட்டுத்தான் எழுவாள். இறுக்கியபடியே விட்டால் நூல் நீண்டு உயிர் போய்விடும் என்பாள். மறுநாள் உட்காரும்போது திரும்ப ஏற்றிக்கொள்வாள்.

கம்பி

செல்லப்பாண்டிக்குத் திராட்சைத் தோட்டம். கல்தூண்கள் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, மேலே கொடியைப் படரவிட்ட பந்தல். அவர் வாழ்க்கை முழுக்க அண்ணாந்து பார்த்த வாழ்க்கை.

பந்தலில் கம்பி தளரக் கூடாது. கொத்து கனத்து இறங்கும்போது கம்பி தொய்ந்தால் காய் கையெட்டும் தூரத்துக்கு வந்து, அப்புறம் தரைக்கு வந்து, அழுகும். ஒரு கம்பி தொய்ந்தால் பக்கத்துக் கம்பிக்குப் பாரம் ஏறும். கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கு முன்னால் வரிசை வரிசையாகப் போய்க் கம்பியைக் கையால் அமுக்கிப் பார்ப்பார். தொய்ந்ததை முறுக்கி ஏற்றுவார். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பந்தல்காரன் கட்டிய கயிற்றை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்க்காமல் வர மாட்டார்.

அந்தக் கைதான் தறியின் மேல் விரிந்து அமுக்கியது. தொய்ந்திருந்தது. ஏற்றினார். அவருக்குத் தெரிந்த அக்கறை அது ஒன்றுதான். பதினோரு மாதம், நாள் தவறாமல்.

சேராத சேதி

கடைசியாக மெஷினுக்கு வந்த அன்றைக்குப் பேருந்திலிருந்து இறங்கும்போதே ஈஸ்வரிக்கு மேல்மூச்சு வாங்கியது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ரயில்வே கேட் தாண்டும்போது திடீரென்று நிமிர்ந்தாள்.

"யக்கா, தறிய இறுக்குனபடியே விட்டுட்டு வந்துட்டேன்."

"சரி, இப்ப என்ன?"

"அவுகளுக்குப் போன் போட்டா ரெண்டு பல்லு தளத்திவிடச் சொல்லிரு. நூலு பாவம்."

"ஆமாடி, இப்ப அதுதேன் குடிமுழுகிப் போகுது. பேசாம சாஞ்சுக்க."

சாய்ந்துகொண்டாள். அப்புறம் பேசவில்லை. உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். செல்லப்பாண்டி போன் போட்டார். "சாப்ட்டாளா? மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். தறி நினைவில் இருந்தது. அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் இதயம் நின்றது.

மூன்றாம் நாள், வந்தவர்களெல்லாம் கலைந்த பிறகு, அவர் என் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கடைசியா எதும் சொன்னாளா மதினி?"

அவர் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடம் கூட வாழ்ந்தவள் கடைசியாகத் தறியைப் பற்றித்தான் பேசினாள் என்று எப்படிச் சொல்வது. நூல் பாவம் என்றாள், உங்களைப் பாவம் என்று சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது. என் வாய் தானாக ஒன்றைச் செய்தது.

"நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா, தம்பி. ஒங்களத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு சின்னப் பொய். எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதைவிட நல்லதாக ஒன்றை வைப்பதில்லையா, அப்படித்தான் எனக்கு அப்போது இருந்தது. இதை அச்சிடும் இந்த இதழ் ஓடைப்பட்டிப் பேருந்து நிறுத்தத்துக் கடையிலும் தொங்கும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

என் வரி நேராக வந்தது

டக் என்ற அந்தச் சத்தம் கேட்ட காலையில் அவர் இன்னொன்றும் சொன்னார்.

"மதினி, திதிக்கு இந்தத் துணிய வைக்கணும்னு நெனைக்கிறேன். சேலையோட சேத்து. அவ கையால நெஞ்சது."

"பாதியில நிக்கிதே."

"அதான். நீங்க முடிச்சுக் குடுங்க. கூடப் பெறந்தவுக நீங்கதேன். அன்னைக்குப் போத்திக்கிறதும் நீங்கதேனே."

படையலில் வைக்கும் துணி எங்கள் வீடுகளில் இறந்தவளின் உடன்பிறந்தவளுக்கு வரும். முழுத் துணியாக இருக்க வேண்டும். முடியாததை வைக்க மாட்டார்கள்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்குத் தெரியாது என்றேன். ராக்கம்மா சித்தி கதவோரம் நின்று, "ஒரு வருசமா அவ பண்ணினதப் பாத்துருக்கேன், நாஞ் சொல்றேன் வா," என்றாள். சொல்லவும் செய்தாள். "ஏய், இழுக்காத. வில்லாப் போடு, வில்லா. ஒந்தங்கச்சி போட்டத நீ பாத்ததே இல்லையாக்கும்?"

பாத்ததில்லைதான். அவள் தேனிக்கு என்னைப் பார்க்க வந்துகொண்டே இருந்தாள். நான் அவள் தறிக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

மெல்ல ஒரு நாலு வரி போட்டேன். பலகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஊடை நேராக, அழகாக உட்கார்ந்தது. அதற்குக் கீழே ஈஸ்வரியின் வரிகள் இடப்பக்கம் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆப்பு மாதிரி இடைவெளி. யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள், இந்த இடத்தோடு ஒருத்தி போய்விட்டாள், இங்கிருந்து வேறு ஆள் என்று.

செல்லப்பாண்டி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நேரா வருது," என்றார். பாராட்டும் குரல் இல்லை.

பிரித்துவிட்டேன். ஒரு வரி ஒரு வரியாக.

இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் சரிந்தது. ஆனால் அவள் சரிவு இல்லை. அவள் சரிவில் முடியாத கையைக் காக்கிற ஒரு பதனம் இருந்தது, நான் செய்தது நடிப்பு. அதையும் பிரித்தேன்.

மணி ஒன்றரை ஆனது. செல்லப்பாண்டி சட்டென்று எழுந்து கை கழுவினார். தட்டை எடுத்துத் தானே வைத்துக்கொண்டார்.

"சாப்புட்டுருவோம் மதினி. நேரத்துக்குச் சாப்புடச் சொல்லிட்டுப் போயிருக்காள்ல."

ராக்கம்மா சித்தி என் பக்கம் குனிந்து, "ஒரு வருசமா இந்தா இப்படித்தேன். மழையோ வெயிலோ, தோட்டத்துல எந்த வேல கெடந்தாலும் ஒண்ணரைக்கு வந்துருவான்," என்றாள். "பொண்டாட்டி இருந்தப்ப ஒரு நாளு கேட்டதில்ல. செத்து ஒரு வார்த்த சொன்னா, கேக்குறான் பாரு."

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தேன்.

சாப்பிட்டபின் மறுபடி உட்கார்ந்தேன். ஏதாவது செய்தாக வேண்டுமே. பலகையை மேலே தூக்கினேன்.

தூக்கும்போது நூல் இன்னும் கொஞ்சம் இழுபடும். அது எந்தத் தறியிலும் நடப்பது. பதினோரு மாதம் முறுக்கேறி நின்ற நூலுக்கு அந்தக் கொஞ்சமும் தாங்கவில்லை. முதலில் இடது ஓரத்தில் ஒன்று. பிட் என்று ஒரு சத்தம். நான் என்னவென்று பார்ப்பதற்குள் அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் பிட் பிட் பிட் என்று நடுவரைக்கும் ஓடியது. அறுந்த நுனிகள் சுருண்டு என் கைமேல் விழுந்தன.

மில்லில் நான் பார்த்து நின்ற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தேன். இணைக்கிறவள் இல்லை.

செல்லப்பாண்டி ஓடி வந்து இரண்டு கைகளாலும் மிச்ச நூலைப் பிடித்தார். பிடித்தால் நிற்கும் என்பது போல.

"நான் இறுக்கிட்டேனா மதினி?"

கைமேல் கிடந்த ஒரு நுனியை எடுத்து விரலில் சுற்றினேன்.

"ஏலே, நூலுன்னா அறாமலா இருக்கும்?" என்றாள் ராக்கம்மா சித்தி. அவள் குரலில் முதல்தடவையாகக் கேலி இல்லை.

"நாந்தேன் சித்தி. கம்பின்னு நெனச்சு ஏத்திட்டேன். பல்லு பல்லா நாந்தேன் ஏத்துனேன்." அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "அவ அவ்வளவு தூரம் நெஞ்சு வச்சத நாந்தேன் அத்து விட்டுட்டேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய இடம் அதுதான். அறுத்தது நீங்கள் இல்லை தம்பி, தளர்த்தச் சொன்னாள், நான் சொல்லவில்லை என்று. வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். மூடிக்கொண்டேன். என் பாரத்தையும் அந்த ஆள் தூக்கிக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டேன்.

முடிச்சு

அதற்குமேல் நெய்ய வழி இல்லை. துணியைத் தறியிலிருந்து எடுக்க வேண்டியதுதான். சும்மா வெட்டினால் கடைசியாக நெய்த வரிகள்தான் முதலில் அவிழும். நாலு நாலு நூலாகச் சேர்த்து, நெய்த விளிம்போடு ஒட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே வெட்ட வேண்டும்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முடிச்சுப் போட்டோம். அவர் விரல்கள் தடித்தவை. திராட்சைக் கொடியைக் கம்பியில் கட்டுகிற பழக்கம். கொடி பருக்கும் என்று இடம் விட்டுத் தளர்வாகக் கட்டுவார்கள். அதே மாதிரி இங்கேயும் தளர்த்தியாகப் போட்டார். நான் அவர் பார்க்காதபோது ஒவ்வொன்றாக இறுக்கினேன்.

அறுந்த பக்கத்தில் நூல் குட்டையாக இருந்தது. சிலவற்றில் முடிச்சுப் போடவே முடியவில்லை. அங்கே ஊசியால் தைத்தேன்.

கடைசி நூலையும் வெட்டியதும் துணி சுருங்கியது. கண்முன்னால். ஒரு வருடமாக இழுத்து வைத்திருந்த துணி தன் நீளத்துக்குத் திரும்பிக்கொண்டது. சிவப்பு வரிகள் ஒன்றையொன்று நெருங்கின. நாங்கள் ஒரு நீளத்தைப் பார்த்துப் பழகியிருந்தோம். கையில் வந்தது அதைவிட ஒரு சாண் குறைவு.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தான் தம்பி."

மடியில் விரித்து, கடைசிச் சிவப்பு வரிக்கு மேலே இருந்த வெள்ளையை விரலால் அளந்தார். நாலு விரற்கடை. அந்த நாலு விரல் நெய்த பிறகுதான் அவள் எழுந்து பேருந்துக்குப் போயிருக்கிறாள்.

கேள்வி

திதியன்று ராக்கம்மா சித்தி ஆட்சேபம் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். "முடிச்சுப் போட்ட துணிய வைப்பாகளா?" என்று ஒருத்தர். சித்திதான் அடக்கினாள். "அவ துணி, அவளுக்கு வைக்கிறோம். ஒனக்கென்ன, நீயா போத்தப் போற?"

புதுச் சேலையின் மேல் அதை மடித்து வைத்துக் கும்பிட்டோம். பிறகு எடுத்து என் தோளில் போட்டார்கள். இலையின் முன்னால் உட்காரவைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். துணி போர்த்தியவளை அந்த ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு இறந்தவளாகவே பார்ப்பார்கள். கணவன்தான் பரிமாற வேண்டும். சோற்றை வைத்துவிட்டு, மனசில் ஏதும் குறை இருக்கா என்று கேட்க வேண்டும். அவள் இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லாரும் சாப்பிட உட்காருவார்கள். பேருக்கு நடக்கிற ஒன்று. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

செல்லப்பாண்டி பெரிதாக எடுத்துக்கொண்டார். சோறு வைத்தார். பருப்பு ஊற்றினார். கரண்டியோடு என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளில் இருந்த துணியைப் பார்த்தார்.

"மனசுல எதும் கொறை இருக்கா ஈஸ்வரி?"

அவள் பெயரைச் சொல்லிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இல்லன்னு சொல்லு ஆத்தா," என்றாள் ராக்கம்மா சித்தி பின்னாலிருந்து. "புள்ளைக பசியா இருக்குக."

துணி கழுத்தில் மென்மையாக இருந்தது. மில் நூல், பல தடவை அவள் விரல் பட்ட நூல்.

"தறியத் தளத்திவிடச் சொன்னேன்," என்றேன். "நூலு பாவம்னு சொன்னேன்."

அவர் கண் மெல்ல ஏறி என் முகத்துக்கு வந்தது.

"எப்பச் சொன்ன?"

"ஆஸ்பத்திரிக்குப் போகையில. ஆட்டோவுல."

கரண்டி அவர் கையில் அப்படியே இருந்தது. அவர் யோசிப்பதை என்னால் பார்க்க முடிந்தது. தறியை ஏற்றிய ஒவ்வொரு காலையாக அவர் நினைவில் பின்னால் போய்க்கொண்டிருந்தார். அப்புறம் நான் பயந்த அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"அப்ப, நேரத்துக்குச் சாப்புடச் சொன்னது?"

ஈஸ்வரியாக இருந்துதான் அதற்கும் பதில் சொல்ல முடிந்தது. எனக்கென்று அந்தத் தைரியம் கிடையாது.

"அது எங்கக்கா சொன்னது. நாஞ் சொல்லல."

அவர் என்னைத் திட்டவில்லை. "மதினி சொன்னாகளா," என்றார், யாரையோ பற்றிக் கேட்பது போல. கரண்டியைப் பருப்புச் சட்டியில் வைத்தார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். பந்தலுக்குள் நுழையும் வரை அவர் வெள்ளை வேட்டி தெரிந்தது.

"ஏலே பாண்டி, மணி ஒண்ணரைடா," என்று சித்தி கூப்பிட்டாள். "சாப்புட்டுப் போடா."

அவர் திரும்பவில்லை.

எனக்குப் பக்கத்தில் அவருக்குப் போட்ட இலை தண்ணீர் தெளித்தபடி கிடந்தது. ஒவ்வொருவராகச் சாப்பிட்டு எழுந்தார்கள். துணி போர்த்தியவள், பரிமாறியவர் வந்து எழச் சொல்லும் வரை இலையை விட்டு எழக் கூடாது. நான் உட்கார்ந்திருந்தேன்.